உடன்பிறந்தோர்: ஒருவர்

(சரக்கு வேன் மோதிய வழக்கில் காவல் நிலையத்தில் விசாரித்தபோது சாட்சி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட வாக்குமூலம்)

என் பெயரும் வயதும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரி. நான் சலவைக்கடை மாடியிலுள்ள ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அப்பா வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார்; எங்கே இருக்கிறார் என்று தெரியாது, தேடவும் இல்லை. எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது.

விபத்தை நான் பார்க்கவில்லை. சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும்போது வேன் மோதி மருத்துவமனையில் கிடக்கும் பையனை எனக்கு எப்படித் தெரியும், அறுவைச் சிகிச்சைத் தாளில் ‘அக்கா’ என்று ஏன் கையெழுத்துப் போட்டேன் என்று இன்ஸ்பெக்டர் கேட்பதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எழுத்தர் பையனை ‘அவர்’ என்று எழுத ஆரம்பித்தார். நான் அவனை ஒருநாளும் அவர் என்று சொன்னதில்லை, ஆகவே அவன் என்றே எழுதச் சொன்னேன்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில்தான் அந்த அறைக்கு வந்தேன். எனக்கு முன்பு இருந்தவர் அங்கே சில வேலைகள் செய்து வைத்திருந்தார். ஆடும் மேஜையின் காலுக்கு அடியில் மடித்த அட்டை, ஜன்னல் விரிசலில் நீளமாக ஒட்டிய டேப், கதவுக்குப் பின்னால் சட்டை மாட்ட ஆணி. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். அன்றைக்கு யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். குரல் வருகிறதா என்று பார்ப்பதற்காகவே பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். இது வழக்குக்குத் தேவையா என்று எழுத்தர் கேட்டார். தேவை என்றேன்.

அதன் பிறகு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். அது வராவிட்டால் என்னால் படிக்க முடியாது. வகுப்பில் எல்லோருக்கும் வந்த பிறகும் எனக்கு வரவில்லை. நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் உதவித்தொகைப் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்ல இன்னொருத்தரும் போட்டிருக்காரேம்மா. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். யாருக்குன்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க” என்றார். வீட்டில் பேசுவதற்கு யாரும் இல்லை என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் ‘ஒருவர்’ என்று இருந்தது. அந்த இடத்தை நான் காலியாகத்தான் விட்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் இரண்டு பேரையும் சேர்ந்து வரச் சொன்னார்கள். போனபோது பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “அந்த மேஜை இன்னும் ஆடுதா?” என்பதுதான். எனக்கு முன்பு அந்த அறையில் இருந்தவன் அவன் என்று அப்போதுதான் தெரிந்தது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன். அதே கல்லூரியில் என்னோடுதான் சேர்ந்திருந்தான், வேறு பிரிவு. அறை வாடகை கட்டுப்படியாகாமல் நாலைந்து பேரோடு சேர்ந்து தங்கப் போய்விட்டான், ஆனால் விண்ணப்பத்தில் பழைய முகவரியையே கொடுத்திருந்தான். முகவரி ஒன்று, பெற்றோர் பெயர் இரண்டிலும் காலி (கூட இல்லாதவர்கள் பெயர் எதற்கு என்று நானும் எழுதாமல் விட்டிருந்தேன்), ஆகவே கம்ப்யூட்டர் எங்களை அக்கா தம்பி ஆக்கிவிட்டது.

என் பிறந்தநாளுக்கும் அவன் பிறந்தநாளுக்கும் நான்கு மாதம்தான் இடைவெளி. ஒரே வயிற்றில் அது எப்படி நடக்கும் என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டேன். “அது டாக்டரைக் கேக்க வேண்டிய விஷயம்மா, எங்க பிரிவுல வராது” என்றார். கூடப்பிறந்தவர் என்பதற்குச் சான்றிதழ் உண்டு, இல்லை என்பதற்கு யாரிடம் போய் வாங்குவது என்று அவன் கேட்டான். திருத்த மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். அதன் பிறகு அவன் மனுவைக் காணவில்லை என்றார்கள், மறுபடி கொடுத்தோம், அதன் பிறகு என் மனுவை அவன் கோப்பில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள், அதைப் பிரித்துக் கொடுத்த பிறகு அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக வந்தவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். இப்படியே இழுத்தடித்தார்கள். ஒருநாள் டோக்கனைத் தொலைத்தது யார் என்று நாங்கள் வரிசையிலேயே சண்டை போட்டுக்கொண்டோம். கண்ணாடிக்காரர் கவுன்டர் வழியாக எட்டிப் பார்த்து, “இந்தச் சண்டை போடறீங்க, கூடப்பிறந்தவங்க இல்லைன்னா யாரு நம்புவா?” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியது. கட்டாதவர்கள் பெயரை நீக்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இருவரில் ஒருவர் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினால் மற்றவருக்குப் பணம் வரும் என்ற நிலை. அன்று அதே பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொன்னான்: “நீ நாலு மாசம் மூத்தவ. நீ முதல்ல படி. திருத்தம் வந்ததும் நான் வந்து சேந்துக்கறேன். எங்கிட்ட சைக்கிள் இருக்கு.” நான் வேண்டாம் என்றேன். ஒருமுறைதான் சொன்னேன். அவன் மறுபடி கேட்பான் என்று காத்திருந்தேன், அவன் எழுந்து கவுன்டருக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை மோசடி என்று இன்ஸ்பெக்டர் நினைத்தால், விட்டுக்கொடுத்தவன் மேல் எழுத வேண்டாம், வாங்கிக்கொண்ட என் மேல் எழுதட்டும்.

அதன் பிறகு எனக்கு உதவித்தொகை வந்தது. அவன் படிப்பை நிறுத்திவிட்டு ஓட்டல்களிலிருந்து சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலைக்கு நடுவில் தெருவில் நின்று “ஃபைலக்கா!” என்று கத்துவான். வேண்டாம் என்று யாராவது திருப்பி அனுப்பிய பொட்டலம் இருந்தால் கொண்டுவருவான். மேஜையை ஆட்டிப் பார்த்து, தன் அட்டை இன்னும் தாங்குகிறது என்று பீற்றிக்கொள்வான். சலவைக்கடைக்காரருக்கு எங்கள் கதை முழுவதும் தெரியும். முதலில் கேட்டபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு அவரும் “உன் தம்பி வந்திருக்கான் பாரு” என்றுதான் மாடிக்குக் குரல் கொடுப்பார். அவன் கிளம்பிய பிறகு அறை முன்பைவிடச் சத்தமில்லாமல் இருக்கும். பாடத்தைச் சத்தமாகப் படிப்பதை நான் எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை.

நேற்றுக் காலை ஒரு கான்ஸ்டபிள் கடைக்கு வந்தார். பையனின் சட்டைப் பையில் கல்லூரி அடையாள அட்டை இருந்ததாகவும், கல்லூரியில் விசாரித்ததில் அக்கா ஒருத்தி இந்த முகவரியில் இருப்பதாகச் சொன்னார்கள் என்றும் சொன்னார். “யாரு அவனோட அக்கா?” என்று கேட்டார். சலவைக்கடைக்காரர் யோசிக்காமல் மாடியைக் காட்டினார். நான் இறங்கி வந்து, “நான்தான்” என்றேன். எனக்கு வேறு பதில் தோன்றவில்லை.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனோம். தலையில் அடி, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார் டாக்டர். உறவுமுறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். உறவினர் ஒருவருக்கு மட்டும் தரும் அட்டையை நர்ஸ் என்னிடம் கொடுத்தார். அவன் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்று சாலையிலேயே கிடக்கும், முடிந்தால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

இன்று காலை வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது கல்லூரியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. திருத்த மனு ஏற்கப்பட்டது, உடன்பிறந்தோர் இல்லை எனப் பதிவு மாற்றப்பட்டது, ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. பிற்பகல் இன்ஸ்பெக்டர் கல்லூரிக்குப் போன் செய்தபோது, நாங்கள் அக்கா தம்பி இல்லை என்று கண்ணாடிக்காரர் உடனே சொல்லிவிட்டாராம். ஒருநாளும் இல்லாத சுறுசுறுப்பு. அதனால் என் கையெழுத்து பொய் என்றும், வார்டு அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும், யாரும் இல்லாதவர்கள் வார்டுக்கு அவனை மாற்றுவார்கள் என்றும் இங்கே சொன்னார்கள்.

திருத்தம் வந்தது அவனுக்கு நல்ல செய்தி. இனி அவன் பெயரில் உதவித்தொகை வரும், மறுபடி சேரலாம். அவன் கண் விழித்ததும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். அதற்கு நான் அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

எழுதியதை எழுத்தர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். ஓர் இடம் தவிர எல்லாம் நான் சொன்னதுதான். அடிபட்டவருக்கு உறவுமுறை என்ற இடத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு அக்கா என்று எழுதச் சொன்னேன், பிறப்பால் அல்ல என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். இரண்டும் உண்மை. சந்தேகம் இருந்தால் அவன் விழிக்கும்வரை பொறுத்திருந்து, என்னைக் காட்டி இது யார் என்று அவனையே கேளுங்கள். அவன் என்ன சொல்கிறானோ அதையே பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு நான் திருத்த மனு எதுவும் கொடுக்க மாட்டேன்.

யாரும் மிரட்டாமல், சுயநினைவோடு சொல்லிக் கீழே கையெழுத்திட்டுள்ளேன்.

(கையொப்பம்)
அடிபட்டவருக்கு உறவுமுறை: <s>தெரிந்தவர்</s> அக்கா (பிறப்பால் அல்ல)