ரொட்டியை அகற்றிவிட்டுக் கேட்டவருக்கு

நரின் நதிக்கரை நகரின் நன்மருத்துவரே, விழுங்க இயலாமல் விம்மியவர்க்கு விடிவெள்ளியாய் வந்தவரே, எங்கள் சிகிச்சைப் பிரிவின் தலைவியே, தலைமகளே, நூரிபா அக்கா! இன்று பணி நிறைவு பெறும் தங்களுக்குப் பிரிவின் ஊழியர் அனைவரும் நெஞ்சு கனக்க, நா தழுதழுக்கப் படைக்கும் மடல் இது.

தங்கள் பெருமைகளை வரிசைப்படுத்த வேண்டும் என்பது மரபு. வரிசைப்படுத்தினால் தாங்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்கள் அனுபவம். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

விழுங்குவதில் சிரமப்படுவோரின் அன்றாட வாழ்வு எப்படி இருக்கிறது என்று கேட்டறியும் வினாத்தாளை நம் கிர்கிஸ் மொழிக்குக் கொண்டுவந்தோம். அது உண்மையை அளக்கிறதா என்று சோதிக்க நோயாளிகளை அழைத்தோம். அழைத்து வந்தவர் விருந்தாளி அல்லவா? மேசை விரித்து, ரொட்டி பரப்பி, தேநீர் ஊற்றி, அதன் பிறகே கேள்விகளைக் கேட்டோம். விடைகள் அருமையாக வந்தன. எவருக்கும் உணவால் துன்பமில்லை. எவரும் பந்தியைத் தவிர்ப்பதில்லை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் அதே விடைகள். கணக்குப் பார்க்கும் தாலாய் துள்ளிக் குதித்தான்.

"ஓடாத கடிகாரமும் ரெண்டு தடவ பாத்தாலும் ஒரே நேரத்தத்தாண்டா காட்டும்" என்றீர்கள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

தங்கள் கண் அப்போது கெனேஷ்பெக் அண்ணன் மேல் இருந்தது. மலைக் கணவாயில் லாரி ஓட்டி, பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர். "சாப்பாட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார். தாங்களும் பின்னாலேயே போனீர்கள். அங்கே அவர் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த ரொட்டித் துண்டை எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, உள்ள கேட்டப்ப சொல்லலயே?"

"ரொட்டிய முன்னால வச்சுக்கிட்டு, இது எனக்கு இறங்கலன்னு எப்படி டாக்டரம்மா சொல்றது? பாவமில்லையா? வீட்டுல எல்லாரும் சாப்பிட உக்காந்தா, குதிரையப் பாக்கப் போறேன்னு கொட்டில்ல போய் நின்னுக்குவேன். குளிர்காலம் முழுக்க அப்படித்தான்."

வினாத்தாளில் மதிப்பெண் நன்றாக இருப்பவர்க்கு விழுங்கும் பயிற்சி போதும் என்று அனுப்பிவிடுவதாக நிர்வாகம் முடிவெடுத்திருந்த நேரம் அது. அனுப்பப்படுவோரில் முதல் பெயர் அவருடையது. பயிற்சி நின்றால் ஒரு கவளம் மூச்சுக்குழலில் போய் அவர் கதை முடிந்துவிடும் என்பது தங்களுக்குத் தெரியும். வினாத்தாள் சரிதான் என்ற ஒப்புதல் கையெழுத்துக்காக மருத்துவமனை இயக்குநர் பேனாவை நீட்டியபோது தாங்கள் கைகளைக் கட்டிக்கொண்டீர்கள். ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் வீணாயிற்று. நாங்கள் தங்களைத் திட்டினோம், மனதுக்குள் மட்டுமல்ல.

மறுபடி தொடங்கியபோது, ரொட்டி இல்லாத அறையில் கேளுங்கள் என்றீர்கள். செவிலி ஜிபெக்குக்கு மனம் ஒப்பவில்லை.

"விருந்தாளிக்கு வெறும் மேசையா? எங்கம்மா கேட்டா செருப்பாலயே அடிப்பாங்க அக்கா."

"அடி வாங்கிக்கலாம்டி. ஆள் மூச்சு முட்டிச் சாகக் கூடாது. முதல்ல கேளு, அப்புறம் பரிமாறு."

வெறும் மேசையின் முன் மனிதர்கள் பேசினார்கள். சிலர் அழுதார்கள். கல்யாண வீடுகளுக்குப் போகாமல் ஒளிந்ததை, பேரப்பிள்ளைகள் எதிரில் இருமப் பயந்ததைச் சொன்னார்கள். மதிப்பெண்கள் சரிந்தன, வினாத்தாள் நிமிர்ந்தது. யாருக்கு எவ்வளவு துன்பம் என்று அது இப்போது சரியாகச் சொல்கிறது. கெனேஷ்பெக் அண்ணனுக்குப் பயிற்சி தொடர்ந்தது. தாடையைத் தாழ்த்தி, மெல்ல விழுங்கி, கெட்டியான கஞ்சியோடு தம் வீட்டுப் பந்தியில் அவர் மீண்டும் உட்கார்ந்த நாளில் தாங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தீர்கள். அதுவே தாங்கள் கேட்டு வாங்கிய ஒரே விடுப்பு.

அன்பின் ஊற்றே, அறத்தின் ஒளிக்கீற்றே! நூறாண்டு நலத்தோடும், நோயற்ற பலத்தோடும், பேரன் பேத்திகள் சூழ்ந்த பந்தியின் முதலிடத்தில் தாங்கள் அமர்ந்திருக்க வேண்டும் என்று மலைகளைச் சாட்சியாக்கி வேண்டுகிறோம்.

இந்த மண்டபத்து மேசையில் இன்னும் ரொட்டி வைக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ரொட்டிகளைத் துணியால் மூடித் தம் மடியில் வைத்துக்கொண்டு கெனேஷ்பெக் அண்ணன் கடைசி நாற்காலியில் காத்திருக்கிறார். தாங்கள் சொன்னபடி முதலில் கேட்கிறோம்: கடந்த ஒரு வாரத்தில், பிரியப்போகிறோம் என்ற நினைப்பு தங்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்தது? இல்லவே இல்லை, கொஞ்சம், மிகவும். இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்ன பிறகுதான் ரொட்டி வரும்.

எங்கள் விடையை இங்கேயே குறித்துவிட்டோம். மிகவும்.

இங்ஙனம்,
விழுங்குதல் சிகிச்சைப் பிரிவின் ஊழியர்கள்,
நரின்.