வேலை என்று தட்டினால்

எனக்கு வாசிப்பதற்கு ஒரு நாளில் மூன்று மணிநேர அமைதி வேண்டும், நிருஜா. வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

அருட்பிரகாசம் ஏன் உங்களை விட்டுவிட்டு ஸ்தவாங்கருக்குப் போனார் என்று கேட்டிருந்தீர்கள். நேரில் கதைக்க எனக்கு வராது. எழுதிவிடுகிறேன்.

என் மனைவி ராசமலரின் தம்பியான அவர், படிப்பு முடிந்ததும் இரண்டு கிழமை தங்குவதாகச் சொல்லி ஒஸ்லோவில் எங்கள் எல்லிங்ஸ்ருட் வீட்டுக்கு வந்தார். எட்டு மாதம் இருந்தார். நல்ல மனிதர். விழித்திருக்கும் நேரமெல்லாம் கதைப்பார். நான் சோபாவில் வாசித்துக்கொண்டிருந்தால் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"அத்தான், இதில ஆர் சாகிறது?"

"இன்னும் ஒருத்தரும் சாகேல்லை," என்பேன்.

வேலை கிடைத்ததும் தனி வீடு எடுத்து உங்களைத் திருமணம் செய்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கணினி நிரல் எழுதுபவன்; உதவி செய்ய நினைத்தேன். எங்கள் கூடத்து மடிக்கணினியில் நான் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் அதற்குரிய இணைய முகவரி திறக்கும். 'மழை' என்றால் வானிலை, 'ரயில்' என்றால் ரயில் நேரம். அவருக்காக 'வேலை' என்ற சொல்லைச் சேர்த்தேன். நாடு முழுவதிலும் உள்ள வேலை விளம்பரங்கள் வந்தன.

இரண்டாம் நாள்தான் யோசித்தேன். ஒஸ்லோவில் வேலை கிடைத்தால் வீடும் பக்கத்தில்தான் எடுப்பார். ஞாயிறுதோறும் வருவார். ஆகவே அந்த முகவரியின் வாலில் ஸ்தவாங்கர் என்று சேர்த்தேன். ஒரேயொரு வரி. ரயிலில் எட்டு மணிநேரத் தூரம்.

"அத்தான், நோர்வேயில இருக்கிற வேலையெல்லாம் ஸ்தவாங்கரிலதான் கிடக்கு."

"எண்ணெய் ஊர்தானே," என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

வேறு தளங்களில் அவர் தேடவில்லை. அத்தான் செய்தது பிழையாக இருக்காது என்று நம்பினார்.

மூன்றாவது விண்ணப்பத்திலேயே வேலை கிடைத்தது. உங்களையும் வரச் சொன்னார். உங்கள் அம்மாவின் டயாலிசிஸ் நாட்களை யாரிடம் விட்டுவிட்டு நீங்கள் போவீர்கள்? அந்தப் பிரிவை நான் ஸ்கிரிப்டில் எழுதவில்லை என்பதை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு நான்கு மாதம். பதினேழு புத்தகங்கள் வாசித்தேன்.

போன கிழமை ராசமலரின் வேலை ஒப்பந்தம் முடிந்தது. கூடத்து மடிக்கணினியைத் திறந்து 'வேலை' என்று தட்டினாள். அந்த வரியைத் திருப்பி மாற்ற நான் மறந்திருந்தேன்.

"இஞ்சாருங்கோ, தம்பி சொன்னது சரிதான். ஸ்தவாங்கரை விட்டா ஒரு இடத்திலயும் வேலை இல்லை. அவன்ர பக்கத்து வீடு காலியாம். நீங்கள் எங்கையிருந்தும் வேலை செய்யலாம்தானே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது நீண்ட கதையாகிவிடும். நான் பக்கத்தைப் புரட்டி, "ஓம்," என்றேன்.

முதலாம் திகதி போகிறோம். எங்கள் வீடு காலியாகிறது. திருமணத்துக்குப் பிறகு இருக்க இப்படியொன்று கிடைத்தால் போதும் என்று ஒருமுறை நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே இந்த வீடு வேண்டுமா என்று முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

மிகவும் அமைதியான வீடு, நிருஜா.