வண்டின் நெஞ்சுப் பட்டை

எனக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் கிடையாது. படுத்தால் கட்டை. விழித்தாலும் உடனே எழ மாட்டேன். எதிர்வீட்டில் இன்று யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று காதைக் கொடுத்தபடி சற்று நேரம் மல்லாந்து கிடப்பேன். எல்லாம் அந்தச் சுகமான பழக்கத்தில் ஆரம்பித்ததுதான்.

என் தங்கைக்கு பேக்கரியில் வேலை. ஊர் எழும் முன்பே கிளம்பிவிடுவாள். அவள் மகளைக் கிளப்பி அனுப்புவது என் பொறுப்பு. அவளை நாங்கள் வண்டு என்போம். உள்ளரங்குக் கால்பந்து ஆடும்போது நாலு சுவருக்குள் அப்படித்தான் சுற்றுவாள்.

கோச் பிள்ளைகளுக்கெல்லாம் இதயத் துடிப்பை அளக்கிற பட்டை ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினார். காலையில் கண் விழித்ததும் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும். இதயம் கடிகாரம் மாதிரி அடிப்பதுதான் நல்லது என்று நான் நினைத்திருந்தேன். இல்லையாம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்தான் உடம்பு தெம்பாக இருக்கிறது என்று அர்த்தமாம். போனில் பச்சை வந்தால் ஆடலாம். சிவப்பு வந்தால் ஓய்வு. கோச் தன் போனிலேயே பார்த்துக்கொள்வார்.

வண்டு அசந்து தூங்குகிற பிள்ளை. எழுப்ப மனசு வரவில்லை. நான்தான் எப்படியும் மல்லாந்து கிடக்கிறேனே என்று முதல் நாளே பட்டையை நான் கட்டிக்கொண்டேன். கருவி சில வாரம் கவனித்து அவரவர் உடம்பின் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளுமாம். கற்றுக்கொண்டது, என்னுடையதை. தினமும் பச்சை. “உங்க பொண்ணு உடம்பு இரும்புங்க” என்று கோச் தங்கையிடம் சொன்னபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பெரிய டீமுக்கு ஆளெடுக்கிற தேர்வு ஆட்டம் நெருங்கும்போது வண்டுக்குக் காய்ச்சல். தங்கை லீவு போட்டுவிட்டு, மகளுக்குத் தானே பட்டையைக் கட்டினாள். சிவப்பு. கோச் உட்கார வைத்துவிட்டார். பயிற்சி ஆட்டத்தில் அவள் இடத்தில் மாடி வீட்டுக்காரியின் மகள் ஆடினாள். மாடி வீட்டுக்காரி படியிறங்கி வந்தே கேட்டாள்.

“என்னக்கா, உங்க வண்டு பெஞ்சுல உக்காந்திருக்காமே? பெரிய டீம்ல எடுத்தாச்சுன்னுல்ல சொன்னீங்க?”

சொல்லியிருந்தேன்தான். தையல் கடையில், பஸ் நிறுத்தத்தில், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியேகூடச் சொல்லியிருந்தேன். நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் அது பொய்யாகுமா?

அந்தச் சிவப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவிக்குப் பழகியது என் இதயம். புது ஆளைக் கண்டால் முகம் சுளிக்கத்தானே செய்யும்? காய்ச்சல் விட்டது. தங்கை வேலைக்குத் திரும்பினாள், பட்டை என்னிடம் திரும்பியது. மறுபடி பச்சை. கோச்சுக்கும் நிம்மதி.

தேர்வு ஆட்டத்தன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே வண்டு சொன்னாள்: “பெரியம்மா, படியேறினாலே நெஞ்சு படபடங்குது. கோச்கிட்ட சொல்லிடவா?”

“பயம்டி அது. போனைப் பாரு, பச்சை.”

“அது நீ கட்டினது பெரியம்மா.”

“உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம்தானே. கிளம்பு, கிளம்பு.”

சிரித்துவிட்டாள். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை.

முதல் கோல் அவளுடையதுதான். அப்போது நான் பின்வரிசைப் பக்கம் திரும்பி மாடி வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் வண்டு விழுந்ததைப் பார்க்கவில்லை. காய்ச்சல் இதயத்தில் இறங்கியிருந்ததாம். ஓய்வாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாளாம். எல்லாம் முடிந்தபிறகு டாக்டர்கள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள்.

பச்சையைப் பார்த்துத்தான் ஆட இறக்கினேன் என்று கோச் உங்களிடம் அழுதாராமே. பாவம், அவர் சொன்னது நிஜம்தான். ஆமாம், அந்தப் பச்சை என்னுடையது. அவளை அடக்கம் செய்த மறுநாள் காலையும் அவள் பெயரில் பச்சை வந்ததை அவர் காட்டப்போய்த்தானே என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்?

அன்றைக்கு நான் பட்டையைக் கட்டியது பழக்கதோஷத்தில் இல்லை. என் மீது தப்பு இருக்கிறதோ என்று ஒரு சின்ன சந்தேகம். அதற்காகத்தான் கட்டிப் பார்த்தேன். தப்பு இருந்திருந்தால் சிவப்பு காட்டியிருக்காதா?