எதிர்க்கரைக்கு வாசித்தவள்

தொண்டை கட்டியிருந்தும் தொய்வில்லாமல் ஜெபித்து, இந்த நினைவு ஆராதனைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் போதகர் நாம்குங் ஐயா அவர்களே! மூட்டுவலியைக் கம்பளிக்குள் மூடிக்கொண்டு, மேடேறி வந்து, முன்வரிசையில் முகம் காட்டும் மூப்பர் பாங் அவர்களே! காலை முதல் கிம்ச்சிக்குக் கோசு கழுவி, உப்புத் தேய்த்து, மிளகாய் விழுது பூசி, சிவந்த கையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! அலையை நம்பிப் படகைக் கட்டிவிட்டு வந்த மீனவச் சகோதரர்களே! கதவோரம் நின்றுகொண்டு, "இந்த மனுஷன் எப்போ முடிப்பான்" என்று கைப்பேசியில் மணி பார்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் நம் ஆண்டவரின் இனிய நாமத்தில் என் தாழ்மையான வணக்கம்.

சிரிக்காதீர்கள் தம்பி, உங்களைத்தான் சொன்னேன்.

நான் பேச்சாளன் அல்லன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, பேசுகிறவர்களின் ஒலியை ஏற்றுவதும் இறக்குவதும்தான் என் பிழைப்பு. மைக் முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கை தானாகவே பொத்தானைத் தேடுகிறது. ஆனாலும் போதகர் ஐயா, "அந்த அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நீதான் டேசொக், நீயே பேசு" என்று சொல்லிவிட்டார். பார்த்தவன் பேசுகிறேன். பாராததை நம்பிய ஒருத்தியைப் பற்றிப் பேசுகிறேன்.

ப்யோன் ஹேசுன் அம்மா. போன வருடம் இதே கிம்ச்சி போடும் நாட்களில் நம்மைவிட்டுப் போனவர். உடன்பிறந்தவர் அல்லர், ஆனாலும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நம் கங்வா தீவில் யாருக்கும் எதிர்க்கரையைக் காட்டித்தர வேண்டியதில்லை. வடக்குப் பக்கம் ஜன்னல் திறந்தால் தெரிகிறது, ஆற்றுக்கு அப்பால், எல்லை பிரித்த நம் வடநாடு. அவர்கள் நாற்று நடுவது தெரிகிறது, அறுப்பது தெரிகிறது, குளிர்காலத்தில் புகையில்லாத வீடுகளும் தெரிகின்றன. தெரிவதெல்லாம் நிலம். தெரியாதது மனம். அந்தத் தெரியாத மனங்களுக்குத்தான் நம் சபையின் சின்ன வானொலி, மலைமேலிருக்கும் கோபுரம் வழியாக, அந்தி தோறும் வேதம் வாசிக்கிறது. வாசித்தவர் ஹேசுன் அக்கா.

எப்படி வாசித்தார்? நீங்களும் நானும் வாசிப்பதுபோலவா? இல்லை! அங்கே வேதப்புத்தகம் வைத்திருப்பது குற்றம். கேட்பவர் எழுதிக்கொண்டால்தான் உண்டு. ஆகவே ஒரு வரியை வாசிப்பார். நிறுத்துவார். அதே வரியை மறுபடி வாசிப்பார். மறுபடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் அவருடைய ஆட்காட்டி விரல் மேசைமேல் அந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும். குட்டைப் பென்சிலால், விறைத்த விரலால், போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிற ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் எழுதும். பிறகு மைக்கிடம் குனிந்து கேட்பார்: "எழுதியாச்சா?"

யார் பதில் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எந்த அந்தியில் சொன்னார்கள்? எந்த அந்தியிலும் சொல்லவில்லை! அக்காவே தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார்.

எதிர்க்கரை அரசாங்கக்காரர்கள், யாரும் கேட்கக் கூடாதென்று, நம் அலைவரிசையின்மேல் இரைச்சலைக் கொட்டுவார்கள். மாவு மில்லுக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். ஒருநாள் மூப்பர் பாங் அறைக்குள் வந்து காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா ஹேசுன், இந்த இரைச்சல்ல யாரு கேக்கப்போறா? அந்த இரைச்சலப் போடுறவன் ஒருத்தன்தான் கேப்பான்!"

"அப்போ அவன் ஒருத்தன் இருக்கான்ல ஐயா. அவனுக்கும் சேர்த்துத்தான் வாசிக்கிறேன்" என்றார் அக்கா.

மூப்பர் ஐயா இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

அன்பானவர்களே, நம்பிக்கை என்றவுடன் நாம் பாட்டு நினைக்கிறோம், பரவசம் நினைக்கிறோம். நான் பார்த்த நம்பிக்கை பாடவில்லை. அது வாசித்து முடித்ததும் விளக்கை அணைத்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு, தனியாக இறங்கிப் போனது. கணவர் கடலோடு போனவர். மகள் கனடாவில். கரையோர வீட்டில் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு மீன் துண்டு. அடுப்பு தணிந்தபின் பேச ஆளில்லை. அங்கே பேச ஆளில்லை, இங்கே கேட்க ஆளில்லை! சில நாட்களில் கதவருகே நின்று என்னிடம் திரும்புவார்.

"தம்பி, இன்னைக்கு யாராவது இருந்தாங்களா?"

நான் என்ன சொல்வேன்? "மீட்டர்ல முள்ளு நல்லா ஆடிச்சுக்கா" என்பேன்.

"முள்ளு நான் பேசினா ஆடும்பா. அதையா கேட்டேன்?"

படியிறங்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தேயும்வரை நான் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

சில வருடங்களுக்கு முன் புயல் வந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் கூரைகள் பறந்தன. எங்கள் கோபுரம் இடுப்பொடிந்து சாய்ந்தது. சின்ன கம்பியைக் கட்டி, பாதி வலுவில் ஒலிபரப்பினோம். சபைக் குழு கூடியது. நிமிர்த்துவதா, நிறுத்துவதா?

மூப்பர் பாங் எழுந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அதை இந்த மேடையிலேயே சொல்கிறேன். "இத்தனை வருஷமா வாசிக்கிறோம். கேட்டேன்னு சொல்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்தாங்களா? இப்பல்லாம் யாரு ரேடியோ கேக்குறா? நமக்கு நாமே பேசிக்கிட்டிருக்கோம். ஆண்டவர் மூடுற கதவை நாம ஏன் முட்டணும்?" என்றார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அப்போதுதான் கும்சில் நம் ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

எதிர்க்கரையில் யோனான் பக்கத்துப் பெண். எப்படியெப்படியோ தப்பி, எங்கெங்கோ சுற்றி, நம் கடைத்தெருவின் குளிர்நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவ வந்தவள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவாள். "ஜெபத்துக்கு வந்தியாம்மா?" என்று கேட்டால், "சாப்பாட்டுக்கு வந்தேன். ஜெபம் நடுவுல வருது" என்பாள். ஆமாம், இவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள் பாருங்கள், இவர்களுக்குத் தெரியும்!

யோனான் என்றால் நம் கோபுரத்துக்கு நேர் எதிர். கேட்டிருக்க வேண்டியவள். கேட்டிருந்தால்? சாட்சி கிடைத்துவிடும், கோபுரம் நிமிர்ந்துவிடும், ஒரு விதவையின் ஆயுளுக்கு அர்த்தம் வந்துவிடும்! போதகர் ஐயா அவளை வரும் ஞாயிறு மேடையில் பேச அழைத்தார்.

சனிக்கிழமை சமையற்கட்டில் தாய்மார்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒரு குரல் கேட்டுச்சுன்னு சொல்லும்மா. ஒரு வார்த்தைதான்."

"லேசாக் கேட்ட மாதிரி இருந்துச்சுன்னாவது சொல்லேன். பொய்யில்ல அது, ஆறுதல்."

கும்சில் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே ஹேசுன் அக்காவைப் பார்த்தாள். அக்கா தொட்டியருகே குந்தி முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேட்டிருந்தா கேட்டேன்னு சொல்லு. கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லு. எனக்காக ஒண்ணும் சேர்க்காதே" என்றார். பிறகு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் பாதி கரைய, "உண்மையாவே கேட்டிருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

ஞாயிறு வந்தது. ஆலயம் நிறைந்தது. உட்கார இடமில்லாமல் மாடிப்படியிலும் ஆட்கள். போதகர் ஐயா கேட்டார்: "யோனான்ல இருந்தப்போ, சாயங்காலம் வானொலியில ஒரு பெண்குரல், வேதம் வாசிக்கிற குரல், நீங்க கேட்டதுண்டா?"

கும்சில் மைக்கைப் பிடித்தாள். ஒலியை ஏற்றியவன் நான். அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

"கேக்கலைங்க. ஒரு நாள்கூட கேக்கலை."

அவ்வளவுதான். இறங்கிவிட்டாள்.

என் மக்களே! அன்று உங்களில் பலர் ஆலயத்தில் இருந்தீர்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. கையுறையைக் கழற்றினார், மடித்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். சிலுவைக்கும் உயிர்ப்புக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை இருந்ததே, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் பாட்டு எழுதுவதில்லை. கல் புரண்டதா? இல்லை. தூதன் வந்தானா? இல்லை. அடைத்த கல்லறையும் அடங்கிய ஊரும் மட்டும்! அன்று அக்கா அந்தச் சனிக்கிழமைக்குள் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வரும் என்று தெரிந்தவராக அல்ல. வெளிச்சம் வராமலும் போகலாம் என்று அறிந்தவராக.

குழு முடிவெடுத்தது. மாதக் கடைசியோடு நிறுத்தம். அக்கா அந்தி தோறும் வந்தார், பாதி வலுவில் வாசித்தார், மேசையில் விரலால் எழுதினார்.

கடைசி வாரத்தில் குழு மறுபடி கூடியது, கருவிகளை யாருக்குக் கொடுப்பது என்று பேச. கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் கும்சில். நூடுல்ஸ் கடை மேலாடை, ஈரக் கை.

"நிறுத்தப் போறீங்களாமே, ஏன்?"

மூப்பர் பாங் பொறுமையாகச் சொன்னார்: "நீயேதானேம்மா சொன்னே, கேக்கலேன்னு."

"ஆமா, கேக்கலை! அதைத்தான் சொல்ல வந்தேன். கேக்காத ஒருத்தி எப்படி இருந்தான்னு உங்க யாருக்காவது தெரியுமா?"

ஈரக் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டாள்.

"என் புருஷனைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரலை. பக்கத்து வீட்டுக்காரங்க பேசுறத நிறுத்திட்டாங்க, அவங்களுக்குப் பயம். எங்க சுவத்துல அரசாங்கம் மாட்டுன ஒலிபெருக்கிப் பெட்டி ஒண்ணு இருக்கும், அதை அணைக்க முடியாது. விடிஞ்சதுலேர்ந்து பேசும். ஊருக்குப் பேசும், நாட்டுக்குப் பேசும். எங்கிட்ட மட்டும் பேசாது. சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேட்டதில்ல. அந்தக் குளிர்ல, யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஆத்துக்கு இந்தப் பக்கம் இந்த அக்கா அதே நேரத்துல பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. எனக்குத் தெரியலையே! எங்கிட்ட ரேடியோ இல்லையே! எனக்கு வந்து சேரலைங்கறதுக்காக எனக்குன்னு பேசலைன்னு ஆயிடுமா?"

அவள் குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை.

"சாட்சி வேணும்னு கேட்டீங்களே. கேட்டவங்க வந்து சொன்னா நம்புவீங்க. கேக்காதவ வந்து சொல்றேன், நம்ப மாட்டீங்களா? என்னைப்போல சுவரப் பாத்து உக்காந்திருக்கவங்க இன்னும் இருக்காங்க. பாதி சத்தத்துல வாசிக்காதீங்க. நல்லா, முழுசா வாசிங்க!"

மூப்பர் பாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மச்சான் மகன்கிட்ட கிரேன் இருக்கு. திங்கக்கிழமை கோபுரத்தை நிமிர்த்திடலாம். மலைப்பாதையில ஏறுமான்னு மட்டும் யாராவது போய்ப் பாருங்க" என்றார்.

கைதட்டுங்கள், அவருக்குத் தகும்!

அன்று முதல் ஒலிப்பதிவு அறையில் இரண்டு நாற்காலி. ஒரு வரியை அக்கா தெற்கத்திப் பேச்சில் வாசிப்பார். அதே வரியைக் கும்சில் வடக்கத்திப் பேச்சில் திரும்பச் சொல்வாள். "அக்கா, இதை எங்க ஊர்ல இப்படிச் சொன்னா சிரிப்பாங்க" என்பாள். "சிரிக்கட்டுமே, சிரிச்சா இருக்காங்கன்னு அர்த்தம்" என்பார் அக்கா. கரையோர வீட்டில் சில இரவுகளில் இரண்டு கிண்ணம்.

அப்போதாவது எதிர்க்கரையிலிருந்து ஏதேனும் சேதி வந்ததா? வரவில்லை. நான் அலங்கரித்துச் சொல்லமாட்டேன். அக்கா நோயில் விழுந்து, குரல் மெலிந்து, மருத்துவமனையில் படுத்த நாளிலும் வரவில்லை. நான் கட்டிலருகே நின்றேன். கும்சில் அவர் பாதத்தைப் பிடித்துவிட்டபடி, "யாராவது கேட்டிருப்பாங்கக்கா" என்றாள்.

"இருப்பாங்கம்மா. தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசை. தெரியாமலேதான் போறேன்." மூச்சு வாங்கினார். "எனக்குத் தெரிய வேண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்ல, போதும். எத்தனையோ தடவை அவரும் என்னைக் கூப்பிட்டிருப்பாரு, நான் கேக்காம இருந்திருப்பேன். அவரு நிறுத்தினாரா?"

கேட்டீர்களா? தாய்மார்களே, கேட்டீர்களா? பதில் கிடைத்தால் நம்புவது கணக்கு. பதில் கிடைக்காமலும் நம்புவது காதல்! விதைத்ததைப் பார்ப்பவர் சிலர். விதைத்ததைப் பாராமல் விடைபெறுபவர் பலர். அந்தப் பலரின் கண்ணீரைப் பார்க்கிற தேவன் ஒருவர் உண்டு, அவரை நாம் பார்க்கவில்லை, அவர் நம்மைப் பாராமல் இல்லை! தூரத்துப் பிள்ளையிடமிருந்து ஒரு பேச்சும் வராத பெற்றோரே, ஜெபித்து ஜெபித்துப் பதில் காணாத நெஞ்சங்களே, தனிமையில் ஒற்றைக் கிண்ணம் கழுவும் கைகளே, உங்களோடுதான் பேசுகிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் கைவிடப்பட்டோம் என்று எண்ணாதீர்கள். நம் காதுக்கு வராத குரல், நமக்கென எழாத குரல் அல்ல!

பின்வரிசையில் யாரோ, "கும்சில் எங்கே, வரலியா?" என்று கேட்கிறீர்கள். வரவில்லை. ஜன்னலைப் பாருங்கள், அந்தி சாய்கிறது. இது அவள் வாசிக்கும் நேரம். என் இடத்தில் வேறொருவர் பொத்தான் பிடித்திருக்கிறார்.

அவளுக்கு அங்கே ஒரு தங்கை இருக்கிறாள். உயிரோடிருக்கிறாளா, எந்த ஊரில், எந்தக் கூரைக்குக் கீழ் என்று தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. ஆகவே கும்சில் பெயர் சொல்லுவதில்லை. கேட்கிற, கேட்காத ஒவ்வொருவரையும் அவள், "தங்கச்சி, சாப்பிட்டியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வேதத்தைத் திறக்கிறாள்.

பேசத் தெரியாதவன் பேச்சைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், கிம்ச்சி ஊறுவதற்குள் முடிப்பேன் என்று நம்பிய தாய்மார்களுக்கும், கடைசிவரை ஓடாமல் நின்ற இளைஞர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாம் காணாத, நம்மைக் காண்கிற கர்த்தர் நம்மைக் காப்பாராக. வணக்கம்.