குறுக்குக் கோடு விழாத வட்டம்

சென்ற மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பழைய இன்ஜின்களைச் சீர்படுத்தும் நம் பணிமனையின் மூன்றாம் தடத்தில், கொதிகலனின் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் போட்டிருந்த வட்டம் ஒன்றின் மேல் சிவப்பு ப்ரைமர் பூசப்பட்டது.

துருப்பிடித்த இரும்பின் துயரைத் தொட்டறியும் தலைமை ஆய்வாளரே! உலோகவியல் பட்டம் பெற்று, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி காத்திருந்தும், கொதிகலனுக்குக் கீழே முதுகு சாய்த்துக் கிடப்பதையே பணியாக வரித்துக்கொண்டவரே! முப்பத்து மூன்று ஆண்டுகளாக எங்கள் எல்லோருக்கும் ‘சுத்தியல் அக்கா’வாக விளங்கும் பெருந்தகையே! வணக்கம்.

வெளியே தெரியும் துருவை யாரும் காட்டிவிடலாம். வெளிப்புறம் வழவழப்பாக இருக்க, நீர் படும் உட்புறத்தைக் குழிகுழியாக அரித்துக்கொண்டே போகும் துருவைத்தான் நீங்கள் தேடினீர்கள். சின்னச் சுத்தியலால் தட்டுவீர்கள். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். இளைத்த தகடு அடங்கிய குரலில் முனகும். சந்தேகம் வந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். அப்புறம் தடிமன் அளக்கும் மீட்டர். அளவு சரியாக இருந்தால் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு.

கோடு விழுந்த வட்டத்தை யாரும் அழிக்கலாம். விழாத வட்டத்தை யாரும் தொடக் கூடாது. எங்கும் எழுதி மாட்டாத இந்தச் சட்டத்தை மீற எங்களில் ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்த நாளில், “பாக்க அசிங்கமா இருக்கேக்கா, தொடைச்சிடவா?” என்று கேட்ட துப்புரவுப் பணியாளருக்கு, “தொடைச்சுப் பாரு, உன் நெத்தியில ஒண்ணு போடுறேன்” என்றீர்கள். அதிகாரிகள் வட்டங்களையும் சேர்த்தே பார்த்துவிட்டுப் போனார்கள்.

துருவைக் கண்டவுடன் பாகத்தையே கழற்றி வீசுவதும் உங்கள் வழக்கமல்ல. நல்ல இரும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவையும் காப்பாற்றிய பின்பே புதிய துண்டு கேட்பீர்கள். தேறாது என்று ஃபிட்டர்கள் ஒதுக்கிய பிரேக் தண்டுகளைப் பார்த்து, “ஒரு பல்லு போச்சுன்னா ஆளையே மாத்திடுவியா?” என்று நீங்கள் கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். அந்தத் தண்டுகள் இன்றும் உழைக்கின்றன.

இங்கு வந்த இன்ஜின்களிலேயே வயதில் பெரியவள் என்பதால் ‘மூத்தவள்’ என்று நாம் அழைக்கும் நீராவி இன்ஜின், பல ஆண்டுச் சீரமைப்பு வேலைக்குப் பிறகு, நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று உங்கள் கையால் விசில் ஊதி ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. அது எங்கள் பரிசு. ஆசை என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னதும் அது ஒன்றைத்தான்.

அவளுடைய வயிற்றில்தான் அந்த வட்டம் இருந்தது. மீட்டர் பழுதுபார்க்கப் போயிருந்ததால் கோடு விழாமல் காத்திருந்தது. மேலிருந்த மூடியில் கசிந்த நீர் அந்த வட்டத்தின் குறுக்கே வழிந்து, வெள்ளை நேர்கோடாகக் காய்ந்தது. நம் பெயிண்டர் அதைப் பார்த்தார். உங்கள் சட்டத்தை மதித்ததாலேயே தவறினார்.

“என் வட்டம் எங்க தம்பி?”

“நீங்கதானேக்கா கோடு போட்டீங்க!”

“மீட்டரே இல்லாம நான் எதுக்குக் கோடு போடப் போறேன்?”

மறுநாள் அந்த இடத்தை மூடும் வெளித்தகட்டை மாட்டுவதாக இருந்தது. “அழுத்தச் சோதனையில தாங்கிடுச்சேம்மா” என்றார் மேலாளர். “அது பச்சைத்தண்ணி சார். ஓடுறப்ப உள்ள கொதிக்கும்” என்றீர்கள். தட்டும் ஒலி கேட்பதற்காக அவர் கம்ப்ரஸரையும் கிரைண்டர்களையும் நிறுத்தச் சொன்னார்.

எந்த இடம் என்று நினைவிலிருந்து சொல்ல நீங்கள் மறுத்துவிட்டீர்கள். “என் ஞாபகத்தை நம்பி வண்டியில ஆள் ஏத்த முடியாது.” ஒரே சிவப்பாகக் கிடந்த அந்த வயிற்றின் கீழ்ப் படுத்து, ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தீர்கள். எங்கள் காதுக்கு எல்லாத் தட்டும் ஒன்றாகவே கேட்டது. ஓரிடத்தில் நின்றீர்கள். சற்றுப் பின்னால் போய் மீண்டும் அங்கே வந்தீர்கள். சாக்பீஸுக்குக் கை நீட்டினீர்கள். அங்கே சுரண்டியபோது உரிந்து வந்த ப்ரைமர் செதிலின் பின்புறம் வெள்ளை வளைவு ஒன்று ஒட்டியிருந்தது. புதிய வட்டம் பழைய வட்டத்தின் மேலேயே விழுந்திருந்தது. இரவல் வாங்கிவந்த மீட்டர், தகட்டில் பாதிகூட மிச்சமில்லை என்று காட்டியது. நாங்கள் கைதட்டவில்லை. கைதட்டத் தோன்றவில்லை.

அந்தத் தகட்டை வெட்டி எடுத்தால் இன்றைய ஓட்டம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஆள் ஏத்தாம, வாசல் கேட் வரைக்கும் மெதுவா ஒரே ஒரு தடவை? உங்களுக்காகத்தாம்மா.”

“அப்ப டிரைவர் ஆள் இல்லையா சார்?”

பக்கத்தில் நின்ற டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றே தகடு வெட்டப்பட்டது.

மன்னிப்புக் கேட்க வந்த பெயிண்டரிடம், “உன் மேல தப்பில்ல தம்பி. தண்ணிக்கும் கோடு போடத் தெரியும்னு நான்தான் யோசிக்கல” என்றீர்கள். அன்றிலிருந்து நம் பணிமனையில் குறுக்குக் கோடு மஞ்சள் நிறத்தில் விழுகிறது.

அன்புக்குரிய அக்கா! நல்ல தகடு போல உங்கள் குரல் நெடுங்காலம் கணீரென்று ஒலிக்கட்டும்! இரும்புத் தரையில் தேய்ந்த முதுகு இனி மெத்தையில் இளைப்பாறட்டும்! வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஏற்கெனவே வட்டங்கள் தென்படுவதாக உங்கள் கணவர் எங்களிடம் முறையிட்டிருக்கிறார். அவருக்கும் நீண்ட ஆயுளும், அதற்கேற்ற பொறுமையும் வேண்டுகிறோம்!

மூத்தவளுக்குப் புதிய தகடு வைத்தாயிற்று. நேற்றுக் காலை அதன் பற்றவைப்பைத் தட்டிப் பார்த்து, மேல் ஓரத்தில் நீங்கள் ஒரு வட்டம் போட்டீர்கள். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தும் கோடு போடவில்லை. வெல்டர் அந்த இடத்தை வெட்டியெடுத்துக்கொண்டிருக்கிறார். மூத்தவள் இன்று ஓடவில்லை.

இவண்,
பெயிண்டர், வெல்டர், டிரைவர், மேலாளர் உள்ளிட்ட
பணிமனை ஊழியர்கள் அனைவரும்