இனிப்புப் பல் என்றொரு தீர்ப்பு

இந்த இரங்கல் கூட்டத்தை நடத்தித் தரும் போதகர் மில்சம் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் கறுப்புத் தொப்பியோடு வீற்றிருக்கும் நம் ஊர்க்கூடத்தின் தலைவி, திருமதி லவீனியா கார்ஸ்டாங் அவர்களே! நனைந்த கோட்டுகளைக் கழற்றக்கூட மனமில்லாமல் அமர்ந்திருக்கும் ஸ்காரன்டேல் மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். தலைவி அவர்களுக்கான வணக்கத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறேன். கடைசியில் தருகிறேன்.

என் பெயர் ஹெஸ்டர் பிக்கர்ஸ்கில். மறைந்த பல் மருத்துவர் ஆம்ப்ரோஸ் ஹெப்வொர்த் அவர்களின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, நீங்கள் வாயைத் திறந்தபோதெல்லாம் தட்டு பிடித்தவள். இந்த ஊரில் யாருக்கு எந்தப் பல் சொத்தை என்பது எனக்குத் தெரியும். அதனால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனிப்பை விரும்புகிறவனுக்கு நம் ஆங்கிலேயர் நாக்கு எத்தனை பட்டம் வைத்திருக்கிறது! இனிப்புப் பல் உள்ளவன் என்கிறோம். மிட்டாய்க் கடைக்குள் அவிழ்த்துவிட்ட பையன் என்கிறோம். குடிகாரனுக்குச் சாராயம் போல இவனுக்குச் சாக்லேட் என்கிறோம். 'போதும், இடமில்லை' என்று தட்டைத் தள்ளியவன் புட்டிங்கைக் கண்டு நிமிர்ந்தால், அவனுக்குப் புட்டிங்குக்கென்று தனி வயிறு என்கிறோம். அத்தனை பட்டத்தையும் ஒரே மனிதர் சுமந்தார். வெட்கப்பட்டுச் சுமந்தாரா? இல்லை! மேயர் தன் பொற்சங்கிலியைப் போட்டுக்கொள்வதுபோலப் போட்டுக்கொண்டு நடந்தார்!

கசாப்புக்கடை கிளிஃபோர்ட் இங்கேதான் இருக்கிறார். ஒருநாள் நாற்காலியில் படுத்தபடியே கேட்டார்.

"ஏன் சார், எங்களை இனிப்பு தின்னாதன்னு திட்டிட்டு நீங்க மட்டும் டாஃபியை மென்னுட்டு நிக்கிறீங்களே, இது அடுக்குமா?"

"அடுக்காதுதான்யா. ஆனா இந்த இனிப்புப் பல்லு எங்க இருக்குன்னு நானும் தினம் கண்ணாடில தேடிட்டுத்தான் இருக்கேன். ஆப்பிட்டா பிடுங்கி உன் கடை ஜன்னல்லயே வெச்சிடறேன், போதுமா? இப்ப வாயத் தொற!"

இப்படிச் சிரித்தவர் செய்த வேலை என்ன? பனி பெய்து பஸ் நின்ற நாளிலும் மலைப் பண்ணைகளுக்கு நடந்து போய் முதியவர்களின் பல்செட்டைச் சரிசெய்து கொடுத்தார். கிறிஸ்துமஸ் விருந்தில் ஒருவரும் கஞ்சி குடித்துக்கொண்டு உட்காரக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அந்த விருந்துக்கான புட்டிங்கும் அவர் பொறுப்பு. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு ஞாயிறன்று இதே கூடத்தில் பெரிய பாத்திரத்தை வைத்து, ஊரையே வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு முறை கிண்டி ஆளுக்கொரு ஆசையை நினைக்கச் சொல்வார். கடைசியில் தன் தாயாரின் வெள்ளி ஆறு பென்னிக் காசை அதில் போடுவார். தாயார் மேபல் அம்மையாரின் பெயரிலுள்ள முதலெழுத்தைப் பல் துளைக்கும் கருவியாலேயே அந்தக் காசில் பொறித்திருந்தார். யார் துண்டில் காசு வருகிறதோ அவருக்கு ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம். புத்தாண்டன்று காசைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு டப்பா டாஃபி. அடுத்த புட்டிங்குக்கும் அதே காசு.

அந்தக் காசு வராத கிறிஸ்துமஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விருந்துக்கு முதல்நாள் சமையலறையில் இருந்த புட்டிங், துணிக்கட்டோடு காணாமல் போயிற்று. முதியவர்கள் டப்பாவில் அடைத்த பீச் பழம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் கமிட்டி கூடியது. யாரும் யாரையும் திருடர் என்று சொல்லவில்லை. நாம் என்ன நாகரிகம் இல்லாதவர்களா? தலைவி அவர்கள் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிக மென்மையாக, புன்னகையோடு ஒரு வார்த்தை சொன்னார்.

"நம்ம ஹெப்வொர்த் சாருக்கு இனிப்புப் பல்லு கொஞ்சம் ஜாஸ்திதான், இல்லையா?"

அந்த நல்ல மனிதர் என்ன செய்தார்? வழக்கம்போலச் சிரித்தார். "ஆமாங்க, ரொம்பவே ஜாஸ்தி!" என்றார்.

முடிந்தது! அதுவே வாக்குமூலம் ஆயிற்று! 'நீ எடுத்தாயா?' என்று கேட்டிருந்தால் 'இல்லை' என்றிருப்பாரே! இந்தக் கேள்விக்கு எந்த யோக்கியன் இல்லை என்று சொல்லுவான்? தான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவருக்கு உறைத்தது. திரும்பி வந்து மறுக்கலாமா? யாருமே குற்றம் சாட்டாதபோது எதை மறுப்பது?

அடுத்த நவம்பரில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இந்த வாசலில் வந்து நின்றார். அகப்பை வேறொருவர் கையில் இருந்தது. "இந்தத் தடவ நீங்க ஓய்வா உக்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று கோட் மாட்டும் இடத்தருகே ஒரு நாற்காலி போட்டார்கள். ஏப்ரனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வந்த ஒவ்வொரு நவம்பரிலும் அதே நாற்காலிதான். கேக் வெட்டினால் அவர் இருக்கும் பக்கம் தட்டு வராது. வந்தால் பின்னாலேயே நாலு கண்கள் வரும். அவர் டாஃபி தின்பதையே விட்டுவிட்டார். ஸ்காரன்டேல் மக்களே, வாய்விட்டுச் சிரித்த ஒரு மனிதரின் வாயை நாம் மூடினோம்! நான் உங்களை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கோடையில் தேவாலயத் தோட்டத்தில் தேநீர் விருந்து நடந்தது. தலைவி அவர்கள் எங்கள் மேசைக்கு வந்து தம் கையாலேயே தேநீர் ஊற்றினார். கையில் வெள்ளிக் காப்புச் சங்கிலி. அதில் குதிரைலாடம், மணி, ஒரு பழைய ஆறு பென்னிக் காசு என்று வரிசையாகத் தொங்கின. தேநீர்க் கெண்டியைச் சாய்த்தபோது காசு புரண்டது. அதில் அந்த எழுத்து! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. முழுப் புட்டிங்கை மறைத்துவிட்டுக் காசை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவரை அன்றுதான் கண்டேன்.

நான் எழுந்தேன். என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவர் யார் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெப்வொர்த் சாரேதான்! அவரும் பார்த்துவிட்டார்.

"உக்காரும்மா ஹெஸ்டர். அந்த வருஷம் அவங்க வீட்டுக்குப் பெரிய மனுசங்க விருந்துக்கு வந்தாங்கல்ல? அவங்க புட்டிங் ஒடஞ்சிருக்கும், பாவம்."

"பாவமா? புட்டிங்க எடுத்தது கெடக்கட்டும் சார், பழியத் தூக்கி உங்க தலைல வெச்சாங்களே!"

"அம்மாவோட காசு தொலயலன்னு தெரிஞ்சுதே, அது போதும் எனக்கு. நான் இருக்கறவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவர் இருக்கிறவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவர் போன செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

அவர் மன்னித்தார், அது அவர் பெருந்தன்மை. நான் மன்னிக்கவில்லை! என்னிடம் அவ்வளவு பெருந்தன்மை கிடையாது, இருப்பதாக நான் எப்போதும் சொல்லிக்கொண்டதும் கிடையாது. போதகர் ஐயா, தயவுசெய்து மணியைத் தொடாதீர்கள், முடிக்கப் போகிறேன். தலைவி அவர்களே, கையை மேசைக்கு அடியில் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் உள்ளே வரும்போதே ஊர் பார்த்துவிட்டது. அவர் இரங்கல் கூட்டத்துக்கே அதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்!

அன்பர்களே! அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று வாயளவில் சொல்லிவிட்டுக் கலைய நான் வரவில்லை. வரும் நவம்பர் ஞாயிறு இதே கூடத்தில் இதே பாத்திரத்தில் ஆம்ப்ரோஸ் ஹெப்வொர்த் பெயரால் புட்டிங் கிண்டுவோம். முதல் அகப்பை என் கையில். அவர் நாற்காலி கோட்டுகளுக்குப் பக்கத்தில் அல்ல, கூடத்தின் நடுவில். புட்டிங்கில் போட மேபல் அம்மையாரின் காசு வேண்டும். அதற்குத்தான் இந்தக் காலித் தட்டைக் கொண்டுவந்தேன். இதோ, தலைவி அவர்கள் முன்னால் வைக்கிறேன். காசு விழும் சத்தம் கேட்டால்தான் நான் உட்காருவேன். எனக்கு அவசரமில்லை, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

சங்கிலியின் கொக்கி இறுக்கமாக இருக்கிறதா? கிளிஃபோர்ட், கொஞ்சம் உதவுங்கள். உங்கள் விரலுக்குப் பலம் உண்டு.

கேட்டதா, பின்வரிசையில் இருப்பவர்களே? கேட்டதா?

நன்றி. தலைவி அவர்களே, நிறுத்தி வைத்த வணக்கம் இதோ. பெண்களே, தேநீர் ஊற்றுங்கள், கேக்கை வெட்டுங்கள். முதல் துண்டை, பெரிய துண்டாகவே பார்த்து, திருமதி கார்ஸ்டாங்குக்கு வையுங்கள்.

அவங்களுக்கு இனிப்புப் பல்லு கொஞ்சம் ஜாஸ்திதான், இல்லையா?