எலுமிச்சம்பழம் வெட்டிய வாளும் எங்கள் குருநாதன் அண்ணாச்சியும்

கோமதியம்மன் தவமிருக்கும் திருநகராம் சங்கரன்கோவிலில், பூட்டிக் கிடந்த ஃப்ரீமேசன் மண்டபத்தின் துருப்பிடித்த கதவைத் தோள்கொடுத்துத் திறந்த தீரரே, வெயிலிலும் வியர்வையிலும் வாசலை விட்டு விலகாத வாயில் காவலரே, உரக்கடையில் உட்கார்ந்தாலும் ஊரையெல்லாம் உறவாக்கிக்கொண்ட உத்தமரே, எங்கள் அன்புச் சகோதரர் குருநாதன் அண்ணாச்சி அவர்களே, வணக்கம்!

உங்கள் முகத்தைப் பார்த்துப் புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே இனிச் சபையோரைப் பார்த்தே பேசுகிறோம். நீங்கள் இடையில் வாய் திறக்காமல் கேளுங்கள்.

சபையோரே, பருத்தி வாங்க வந்த வெள்ளைக்காரர்களும் ஊர் வக்கீல்களும், சாதியும் மதமும் வாசலுக்கு வெளியே என்று சொல்லி, ஃப்ரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்துக்காகக் கட்டிய மண்டபம் இது. கூட்டம் நடக்கையில் கதவைச் சாத்திவிட்டு, உருவிய வாளோடு ஒருவர் வெளியே காவல் நிற்பது இச்சங்கத்தின் வழக்கம். சாத்திய கதவும் உருவிய வாளும் போதாதா? 'தலைவெட்டிப் பங்களா' என்று ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். பழைய உறுப்பினர்கள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர, புதிதாய் ஒருவரும் எட்டிப் பார்க்காமல், மண்டபம் வௌவாலுக்கு வீடானது.

அதன் சாவியைக் கேட்டு வாங்கி, ஒட்டடை அடித்து, தம்மோடு சேர்த்து ஆறு பேரைத் திரட்டியவர் அண்ணாச்சி. ஆனால் ஏழு பேர் இல்லாமல் சங்கம் கூடக் கூடாது. ஆண்டு முடிவதற்குள் ஏழாமவர் வராவிட்டால் சங்கம் நடத்த அனுமதி தந்த சாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தலைமையகமும் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டது. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்க்காரர்கள் உள்ளே வந்து பார்த்தால் பயம் தெளியும் என்று ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் இலவசக் கண் முகாம் ஒன்று ஏற்பாடு செய்தார்.

அங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். மண்டபத்தைத் திறந்தால் காவலர் நிற்க வேண்டும் என்பது மண்டையில் ஊறிப்போன விதி. கண் முகாமுக்கு அது எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேட்டி சட்டையும் உருவிய வாளுமாக அண்ணாச்சி வாசலில் விறைத்து நின்று, "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று அழைத்தால் யார் வருவார்கள்? வந்த கூட்டமெல்லாம் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. டாக்டர் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சாசனம் போயே போச்சு என்று அண்ணாச்சி முனகினார்.

அந்நேரம் பார்த்து, சர்பத்துக்காகப் புளியங்குடியிலிருந்து ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தோடு வந்திறங்கிய நம் சகோதரர் பேச்சிராஜ், கத்தியை மறந்துவிட்டதாகத் தலையைச் சொறிந்தார்.

"கையில ஒண்ணு சும்மாதான இருக்கு. கொண்டாரும் வே பழத்தை" என்று படியிலே உட்கார்ந்துவிட்டார் அண்ணாச்சி.

வாளோ மொண்ணை. இழுக்கிறார், பழம் உருளுகிறது. அமுக்குகிறார், சாறு கண்ணில் தெறிக்கிறது. மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்த முத்துத்தாய் என்ற அம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஏ அண்ணாச்சி, பழத்தையே வெட்ட மாட்டேங்கு, இதா எங்க தலைய வெட்டப் போவுது?" என்று கேட்டபடி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். தெருவே சிரித்தது. பின்னாலேயே கூட்டமும் வந்தது. சர்பத் தீரும்வரை சிரிப்பும் தீரவில்லை.

அம்மாளைக் கூட்டிவந்த மகன் கண்ணன், கூட்டுறவு வங்கிக்காரர், சாயங்காலம் வரை சுவரில் இருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அண்ணாச்சியிடம் வந்தார். "கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்னதான் செய்தீய? நானும் சேரலாமா?"

அவரே எங்கள் ஏழாமவர். இன்று இந்த மண்டபத்தில் நாற்காலி போதவில்லை.

அண்ணாச்சி, மூட்டு வலிக்கிறது என்று காவலை ஒப்படைத்துவிட்டீர்கள். வாளைக் கண்ணனிடம் கொடுத்திருக்கிறோம். எலுமிச்சைச் சாறு அரித்த கறையை மட்டும் தேய்த்துவிடாதே என்று சொல்லியிருக்கிறோம். நூறாண்டு நோயின்றி, வள்ளித்தாய் மதினியோடும் மக்களோடும் நீங்கள் மகிழ்ந்திருக்க வேண்டும்.

எல்லாரும் உள்ளே இருக்க, நீங்கள் ஒருவர் மட்டும் வெளியே நின்றீர்கள். கூட்டத்தில் நடந்தவை எதையும் நீங்கள் பார்த்ததில்லை. இப்போது கண்ணன், காவலுக்கு ஆள் நிற்கிறது, கூட்டம் தொடங்கலாம் என்று வெளியிலிருந்து கதவைத் தட்டுவார். எங்கள் நடுவில் உட்கார்ந்து கேளுங்கள், அண்ணாச்சி.

என்றும் உங்கள் காவலில் வளர்ந்த,
சங்கரன்கோவில் மண்டபச் சகோதரர்கள்